வழிவிடும் கடன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை சாலையின் இடது ஓரத்துக்கு இரண்டு உரிமைக்காரர்கள் உண்டு. ஒருவர் சைக்கிளில் போகிறவர். அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் மாணவி, கட்டட வேலைக்குப் போகும் தொழிலாளி, விடியலில் சென்னையிலிருந்து தலைக்கவசத்துடன் கிளம்பிவரும் உடற்பயிற்சிக்காரர் எல்லோரும் இவருக்குள் அடக்கம். மற்றவர் கால்டாக்ஸி ஓட்டுநர். பயணியை ஏற்றவும் இறக்கவும் அடுத்த சவாரிக்குக் காத்திருக்கவும் அவருக்கும் ஓரம்தான் வேண்டும். ஓரத்தில் கார் நின்றுவிட்டால் சைக்கிள் நடுச்சாலைக்கு விலக நேர்கிறது. அங்கே பின்னால் வருவது பேருந்தாக இருக்கலாம்.

சைக்கிளுக்கென்று தனித் தடம் இருக்கும் இடத்தில், காவலரின் அனுமதியின்றி மோட்டார் வாகனம் அதில் ஓடக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் கூறின. லண்டனில் பேருந்துத் தடங்கள் பலவற்றில் டாக்ஸிக்கும் சைக்கிளுக்கும் சேர்த்தே இடம் தரப்பட்டிருக்கிறது. எந்த இடத்தில் யார் இருக்கலாம் என்பதைச் சட்டம் இப்படி வகுத்துவிடும். இருக்கத் தகுதியுள்ள இருவர் எதிர்ப்படும்போது யார் விலக வேண்டும், ஏன் விலக வேண்டும் என்பது அறநூல்களின் கேள்வி. அவை அதை மிகப் பழங்காலத்திலேயே எடுத்துப் பேசியிருக்கின்றன.

மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் யாருக்கு வழிவிட வேண்டும் என்று ஒரு வரிசை தருகிறது. வண்டியில் வருபவர், தொண்ணூறு வயதைக் கடந்தவர், நோயாளி, சுமை தூக்கி வருபவர், பெண், கல்வி முடித்த பிரம்மச்சாரி, அரசன், மணமகன் என்று அது போகிறது. இந்த வரிசைக்குள் இரண்டு நியாயங்கள் கலந்து கிடக்கின்றன. முதியவருக்கும் நோயாளிக்கும் சுமைகாரருக்கும் வழிவிடச் சொல்வது அவர்களுடைய இயலாமையைக் கருதி. அரசனுக்கும் படித்தவனுக்கும் விடச் சொல்வது அந்தஸ்தைக் கருதி. வண்டிக்காரருக்கு முதலிடம் கிடைத்தது எந்த நியாயத்தால் என்பதை நூல் விளக்கவில்லை. இன்றைய சாலையில் ஹாரன் அடித்துச் சைக்கிளை ஒதுங்கச் சொல்பவர் அந்த முதலிடத்தை இரண்டாவது நியாயத்தின்படி எடுத்துக்கொள்கிறார். பெரிய வண்டி என்பதே தகுதியாகிவிடுகிறது.

யார் விலகுவது என்பதை அந்தஸ்து கொண்டு தீர்க்க முடியாது என்பதைப் பௌத்த ஜாதகக் கதைகளுள் ஒன்றான ராஜோவாத ஜாதகம் காட்டுகிறது. குறுகிய வழியொன்றில் காசி மன்னனின் தேரும் கோசல மன்னனின் தேரும் எதிர்ப்படுகின்றன. தேரோட்டிகள் தம் அரசர்களின் வயது, நாட்டின் பரப்பு, செல்வம், குலம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எல்லாம் சமம். கடைசியில் ஒழுக்கத்தை ஒப்பிடுகிறார்கள். தீமைக்குத் தீமை செய்பவன் கோசலன். தீமையை நன்மையால் வெல்பவன் காசி மன்னன். கோசலன் தேரைவிட்டு இறங்கி வழிவிடுகிறான்.

அந்தஸ்தின் பேரால் தெருவையே மறுப்பது தமிழ்நாட்டில் கதையாக மட்டும் இருக்கவில்லை. சாதி காரணமாகப் பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் யாரையும் தடுக்கலாகாது என்ற தீர்மானம் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924இல் நிறைவேறியது. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த, ஒடுக்கப்பட்டோர் உரிமைக்குப் போராடிய இரட்டைமலை சீனிவாசன் அப்போது அந்த அவையின் உறுப்பினர். தெரு எல்லோருக்கும் பொது என்பது இந்த மண்ணில் போராடிப் பெற்ற ஒன்று. பெரிய வண்டிக்கு முதல் உரிமை என்ற எண்ணம் அதற்கு நேர் எதிரானது.

அப்படியானால் விலகும் கடமை யாருடையது? இதற்குத் தெளிவான விடை பெரியபுராணத்தில் இருக்கிறது. அதைப் பாடிய சேக்கிழாரின் குன்றத்தூர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் பசுங்கன்று சிக்கி இறந்த செய்தியை அமைச்சன் மனுநீதிச் சோழனிடம் சொல்கிறான். படைசூழ இளவரசன் அரசவீதியில் போனபோது கன்று இடையில் புகுந்துவிட்டது என்பதே அவன் சொல்லும் முறை. இன்றைய விபத்துச் செய்திகளிலும் இதே தொனி உண்டு; சைக்கிள் குறுக்கே வந்துவிட்டது என்பார்கள். மந்திரிகள் பிராயச்சித்தம் போதும் என்கிறார்கள். அரசன் ஏற்கவில்லை. உயிர்களுக்குத் தன்னாலும், தன் பரிவாரத்தாலும், பகைவராலும், கள்வராலும், பிற உயிர்களாலும் வரும் ஐந்து அச்சங்களையும் நீக்குவதே காவலனின் வேலை என்கிறான். அந்தப் பட்டியலில் பகைவருக்கும் முன்னால் அவன் தன்னையும் தன் ஆட்களையும் வைத்ததுதான் கருத்தின் உயிர். அழிக்கும் வலிமை யாரிடம் இருக்கிறதோ, காக்கும் கடனும் அவரிடமே.

இயற்பியலும் இதையே சொல்கிறது. மோதலின் ஆற்றல் எடையோடு கூடுகிறது. வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகிறது. சிறிய கார்கூட ஆயிரம் கிலோ அளவில் இருக்கும். ஆளோடு சேர்த்துச் சைக்கிள் பெரும்பாலும் நூறு கிலோவைத் தாண்டாது. காரும் சைக்கிளும் மோதினால் சைக்கிள்காரரின் பிழை அவருடைய உடலைத்தான் முறிக்கும். ஓட்டுநரின் பிழை அடுத்தவர் உயிரை எடுக்கும். இருவரும் ஒரே அளவு தவறினாலும் இருவர் பொறுப்பும் ஒன்றல்ல.

இச்சாலையில் கோவளம் தர்கா, கோவளம் மாதா கோயில், திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் என வழிபாட்டிடங்கள் அடுத்தடுத்து உள்ளன. வாகனத்தில் போகிறவர் நடப்பவருக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும், பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு பகுதி என்று நபிமொழி கற்பிக்கிறது. உயரத்தில் இருப்பவர் முதலில் தாழ வேண்டும் என்ற இந்த ஒழுங்கு சாலைக்கு அப்படியே பொருந்துகிறது.

எனினும் ஓட்டுநரை அரசனாக எண்ணுவது அநியாயம். சவாரிக்குச் சவாரி கணக்கிட்டுப் பிழைப்பவர் அவர். ஓரத்தில் நிறுத்தாமல் அவரால் தொழில் செய்ய முடியாது. ஆகவே கடனின் பெரும் பங்கு சாலையை அமைப்பவரைச் சேர்கிறது. வண்டிகள் விரையும் இடத்தில் வெள்ளைக்கோடு யாரையும் காப்பதில்லை. சைக்கிள் தடத்தைப் பிரிக்கும் உயர்த்திய திண்டு வேண்டும். தர்கா, கோயில் வாசல்களில் டாக்ஸி ஒதுங்கி நிற்கத் தனி இடம் வேண்டும். இவை இல்லாத இடத்தில் இரண்டு எளியவர்களை மோதவிட்டு, ஒழுக்கத்தைப் போதிப்பது அரசு தன் பங்கைக் கைகழுவுவதாகும்.

மாமல்லபுரத்துக்குள் நிலைமை வேறு. அர்ச்சுனன் தபசு பாறைச் சிற்பத்தைச் சுற்றிய தெருக்களில் வாடகைச் சைக்கிள், ஆட்டோ, கார், நடப்பவர் எல்லாம் ஏறக்குறைய நடைவேகத்தில் கலந்து போகிறார்கள். தடம் பிரிக்கத் தேவையில்லை. மாசி மகத்துக்கு இருளர் பழங்குடிக் குடும்பங்கள் கடற்கரையில் வந்து தங்கும் நாட்களில் குழந்தைகளும் முதியவர்களுமாகத் தெரு நிறைகிறது. அப்போது சைக்கிளில் வருபவரே வலியவர். இறங்கித் தள்ளிக்கொண்டு போவது அவருடைய கடன்.