கடைகோலும் கருணையும்

மண்டி என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. அரிசி மண்டி, வெல்ல மண்டி, வெங்காய மண்டி என மொத்த வாணிகம் நடைபெறும் இடங்களை நம் ஊர்களிலும் அப்பெயராலேயே வழங்குகிறோம். மைசூர் நகரின் பழைய பேட்டைகளுள் ஒன்றாகிய மண்டி மொஹல்லாவும் அச்சொல்லையே தன் பெயரில் தாங்கி நிற்கிறது. கன்னடமும் உருதும் தமிழும் ஒலிக்கும் அத்தகைய பேட்டைகளில் தயிர் கடையும் கருவி ஒன்றுதான். அதற்குப் பெயர்கள் மூன்று. நாம் மத்து என்றும் கடைகோல் என்றும் கூறுவதைக் கன்னடியர் கடகோலு என்பர். உருது பேசுவோர் மதானி என்பர். மொழியும் சமயமும் வேறாயினும், தயிர் தன் வெண்ணெயை எல்லார்க்கும் ஒரே முறையிலேயே தருகிறது.

இன்று பழைய பேட்டை ஒன்றின் பாத்திரக் கடையுள் நுழைவோர், மரத்தாற் செய்த மத்தின் அருகிலேயே வேறு சில கருவிகளையும் காணலாம். கைப்பிடியைச் சுழற்றினால் இரு துடுப்புகள் சுழலும் கருவி ஒன்று. மேலிருந்து அழுத்தினால் அடிப்பகுதி சுழலும் எவர்சில்வர்க் கருவி மற்றொன்று. கயிற்றை இழுத்தால் கத்திகள் சுழன்று காய்களை நறுக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் இன்னொன்று. இவற்றுள் எது மலிவு, எது விரைவு என்று வாங்குவோர் ஆராய்கின்றனர். அவ்விரு கேள்விகளும் வேண்டியவையே. ஆயினும் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. இக்கருவியை ஆக்கியவன், இதனை நாள்தோறும் இயக்கப்போகும் கையை எண்ணிப் பார்த்தானா? இஃது அறத்தைப் பற்றிய கேள்வி எனவே நாம் கருதுகிறோம்.

முதற்கண் பழைய மத்தை நோக்குவோம். மரத்தண்டு ஒன்று, அதன் அடியில் வரிவரியாகக் குடைந்த தலை. சிறிதளவு மோரை இரு உள்ளங்கைகளுக்கும் இடையே தண்டை வைத்து உருட்டிக் கடையலாம். பானை நிறையத் தயிர் இருப்பின், தண்டின் மேற்பகுதியை ஒரு தூணோடு தளர்வாகப் பிணித்து, நடுவில் கயிற்றை இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுப்பர். தண்டின் பருமன் 3 சென்டிமீட்டர் எனக் கொண்டால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர் ஆகும். கை ஒருமுறை 60 சென்டிமீட்டர் கயிற்றை இழுக்குமாயின், மத்து ஏறத்தாழ ஆறு முறை சுழலும். கையின் மெதுவான ஓர் அசைவை விரைவான ஆறு சுழற்சிகளாக மாற்றும் இவ்வேற்பாடு, பற்கள் இல்லாத பற்சக்கரமே. தண்டு மெலிந்தால் சுழற்சி மிகும், தோளின் பாரமும் மிகும். தண்டு பருத்தால் பாரம் குறையும், வேகமும் குறையும். இவ்விரண்டிற்கும் இடையே ஓர் அளவைத் தேர்ந்த தச்சன், கணக்கு ஏட்டைக் காணாமலே கணக்கை அறிந்தவன்.

மற்றொரு நுட்பமும் அதில் உண்டு. ஒவ்வோர் இழுப்பிலும் மத்து திசை மாறிச் சுழல்கிறது. ஒரே திசையிற் சுற்றினால் தயிர் முழுவதும் மத்தோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும், உராய்வு குறைந்துபோம். திசை மாறுவதால் தயிர் ஓயாமல் அலைக்கப்படுகிறது. கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்த மெல்லிய உறை கிழிந்து, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெண்ணெயாகத் திரள்கின்றன. தயிர் மிகக் குளிர்ந்திருந்தால் துளிகள் ஒட்டா; மிக வெதும்பியிருந்தால் வெண்ணெய் இளகி மோரோடு கலந்துவிடும். விடியற்காலையில் கடைய வேண்டும் என்ற வழக்கத்திற்குக் காரணம் இதுவே.

தமிழில் கடைதல் என்னும் சொல் இரு தொழில்களைக் குறிக்கும். தயிரை மத்தால் அலைப்பதும் கடைதல். மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்டி எடுப்பதும் கடைதல். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியிலுள்ள சென்னபட்டணம், மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்யும் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆக, மத்தை ஆக்குபவரும் கடைபவர். அதனைக் கையாள்பவரும் கடைபவர். மொழி இவ்விருவரையும் ஒரே சொல்லால் பிணித்தது. ஒருவருடைய கைநோவை மற்றவர் அறியவேண்டும் என்பதற்கு இதைக் காட்டிலும் அழகிய நினைவூட்டல் வேறென்ன வேண்டும்?

இனி, கைப்பிடி சுழற்றும் கருவி பிறந்த நாட்டை நோக்குவோம். அமெரிக்காவில் முட்டையின் வெண்கருவை நுரைக்கக் கடைந்து பண்டங்கள் செய்யும் வழக்கம் பெருகியது. கம்பியாலும் முட்கரண்டியாலும் நெடுநேரம் அடித்து மணிக்கட்டு சோர்ந்தவர் பலர். 1856-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரத்து ரால்ஃப் காலியர் என்பவர் சுழலும் உறுப்புகளைக் கொண்ட முட்டை கடையும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1870-ஆம் ஆண்டு பிராவிடன்ஸ் நகரத்து டர்னர் வில்லியம்ஸ், ஒன்றனுள் ஒன்று புகுந்து எதிரெதிர்த் திசையிற் சுழலும் இரு துடுப்புகளை அமைத்தார். டோவர் என்னும் நிறுவனம் அதனை விற்றது. அப்பெயரே அங்கே அக்கருவிக்குப் பொதுப்பெயர் போல வழங்கலாயிற்று. பெரிய பற்சக்கரம் ஒருமுறை சுழன்றால் சிறிய சக்கரங்கள் பலமுறை சுழலும். நம் கயிறு செய்த வேலையை அங்கே பற்கள் செய்தன. மத்து திசை மாற்றிப் பெற்ற அலைப்பை, இரு துடுப்புகள் எதிரெதிராகச் சுழன்று பெற்றன.

எனினும் அக்கருவியில் ஒரு குறை உண்டு. ஒரு கை பிடியைப் பற்றவேண்டும். மறு கை சுழற்றவேண்டும். நழுவும் பாத்திரத்தைப் பிடிக்க மூன்றாவது கை எங்கே? சுழற்றும் பிடியோ பெரும்பாலும் வலக்கைக்கு ஏற்றதாகவே அமைந்தது. இடக்கைப் பழக்கமுடையோர் நினைக்கப்படவில்லை. இடுப்பளவு உயர்ந்த மேசையில் நின்று வேலை செய்யும் அடுக்களைக்கு எழுந்த கருவி அது. தரையில் அமர்ந்து, காலால் பாத்திரத்தை அணைத்துக் கொண்டு வேலை செய்யும் அடுக்களையை அது கண்டதில்லை. இக்குறையைத் தீர்க்கும் முயற்சியாகவே, மூடியோடு கருவியைப் பொருத்திய கண்ணாடிச் சாடிகளும், ஒரு கையால் அழுத்தும் கருவிகளும் பின்னர் எழுந்தன. இன்று கயிற்றை இழுத்து இயக்கும் காய்நறுக்கியைப் புதுமை என்று விற்கின்றனர். அதனுள் இருப்பது தண்டில் சுற்றிய கயிறும், அதனைத் திரும்பச் சுருட்டும் ஒரு சுருள்வில்லுமே. நம் பாட்டிமார் இரு கைகளால் செய்ததில் ஒரு கையின் வேலையைச் சுருள்வில் ஏற்றுக்கொண்டது. பழைய அறிவு அழியவில்லை. பிடிப்பதற்கு மற்றொரு கை விடுதலை பெற்றது.

ஈண்டு ஒரு மறுப்பு எழும். "கையால் கடைந்த வெண்ணெயின் சுவை கருவிக்கு வருமா? உழைப்பன்றோ உயர்வு? அடுக்களையில் எளிமையைத் தேடுவது சோம்பலுக்கு வழியன்றோ?" என்பர் சிலர். இம்மறுப்பை எளிதிற் தள்ளிவிட இயலாது. மெதுவாகக் கடைந்தால் வெண்ணெய் நன்கு திரளும் என்பதும், மின்சார மிக்ஸியின் வேகத்தில் தயிர் சூடேறும் என்பதும், அதனாலேயே குளிர்ந்த நீரை ஊற்றுகிறார்கள் என்பதும் உண்மையே. சிறிதளவு மோருக்கு இன்றும் மத்தே போதும். மின்சாரம் நின்ற நேரத்திலும் அது நிற்பதில்லை.

ஆயினும் உழைப்பு என்பதாலேயே ஒன்று உயர்ந்துவிடுமா? மஜ்ஜிம நிகாயத்தின் 126-ஆவது சூத்திரமாகிய பூமிஜ சூத்திரத்தில் பகவான் கடைதலையே உவமையாக எடுத்தாள்கிறார். பானையில் நீரை ஊற்றிக் கடைபவன் எத்துணை விருப்பத்தோடு கடையினும் வெண்ணெய் பெறான். தயிரை ஊற்றிக் கடைபவன் பெறுவான். பயனைத் தருவது முறையே என்பது அதன் கருத்து. தோள்நோவைத் தவமாக எண்ணுவதற்கு அங்கே இடமில்லை. பத்து நிமிடத்தில் முடியக்கூடியதை ஒரு நாழிகை இழுத்துக் கடைவது நன்முயற்சி ஆகாது. முயற்சியை வீணாக்குவதே ஆகும்.

மேலும், கைக்கடைசலின் பெருமையைப் பேசுவோர் யாவர் என்று நோக்க வேண்டும். பெரும்பாலும் அவர்கள் உண்பவர்கள், கடைபவர்கள் அல்லர். விடியுமுன் எழுந்து கயிறு இழுத்த மருமகளோ, கூலிக்கு வந்த பணிப்பெண்ணோ அப்பெருமையைப் பேசி நாம் கேட்டதில்லை. பிறர் உழைப்பின் அழகைத் தொலைவில் நின்று வியப்பது எளிது. வேலைக்காரி கடையும் வீட்டில் மத்து பழுதாகியும் நெடுநாள் இருக்கும். எசமானியே கடைய நேர்ந்த மறு மாதம் புதிய கருவி வந்து சேரும். நம் நோவு நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பிறர் நோவு வழக்கமாகத் தோன்றுகிறது. எவ்வுயிரும் துன்பத்தை அஞ்சுகிறது என்று நாவால் ஓதுவோர், அடுக்களையில் இவ்வேறுபாட்டைக் காணாது விடுவது தகுமோ?

கருவிக்கு ஆதரவாக இத்துணையும் கூறியபின், அதற்கு எதிரான ஒன்றையும் கூறவேண்டும். அமெரிக்க வரலாற்றறிஞர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், 1983-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், வீட்டு வேலையைக் குறைக்க வந்த கருவிகள் இல்லத்தலைவியின் வேலையைக் குறைக்கவில்லை என்று காட்டினார். முட்டை கடையும் கருவியும் அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. கடைதல் எளிதாயிற்று, உடனே வெண்கருவைத் தனியே பிரித்துக் கடைந்து செய்யும் ஏஞ்சல் கேக் போன்ற பண்டங்கள் விரும்பப்படலாயின. கருவி மீட்டுத் தந்த நேரத்தைப் புதிய ஆசை உண்டுவிட்டது.

இது நமக்கும் பொருந்தும். பம்பாயில் சத்தியப் பிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியாளர், நம் பருப்பையும் மஞ்சளையும் அரைக்கும் வலிமையுள்ள சுமீத் மிக்ஸியை வெளியிட்டார். மேலைநாட்டு மென்பொருள்களுக்கு ஆக்கிய கருவிகள் நம் அடுக்களையைத் தாங்கவில்லை என்பதைக் கண்டு எழுந்த ஆக்கம் அது. நம்மவர் அடுக்களையை எண்ணிய கருவி என்று அதனைப் பாராட்டலாம். அம்மியின் முன் குனிந்த முதுகுகள் பல அதனால் நிமிர்ந்தன. ஆனால் ஒரு துவையல் இருந்த தட்டில் மூன்று சட்டினிகள் வேண்டும் என்றும், காலையில் அரைத்தது மாலைக்கு ஆகாது என்றும் கேட்கத் தொடங்கினோமே! "மிக்ஸிதானே அரைக்கிறது, உனக்கு என்ன சிரமம்?" என்னும் சொல் எத்தனை வீடுகளில் ஒலிக்கிறது! உளுந்தைக் களைவதும், சாடியைக் கழுவுவதும், மேடையைத் துடைப்பதும் மிக்ஸி செய்வதில்லை. வேட்கைக்கு எல்லை வகுக்காத வீட்டில் எக்கருவியும் யாரையும் விடுவிக்காது.

ஆகவே கைக்கருவியின் நன்மையை அளக்க நாம் சில அளவைகளைக் கூறுகிறோம். கையின் முயற்சி வீணாகாமல் பயனாக மாறவேண்டும். குழந்தையின் கையும், முதியவர் கையும், இடக்கைப் பழக்கத்தார் கையும் அதனைப் பிடிக்க இயலவேண்டும். எளிதிற் கழுவ இயலவேண்டும். பல்லிடுக்கில் தங்கிய தயிரைச் சுரண்டுவதும் உழைப்பே. பழுதானால் வீட்டிலோ அருகிலுள்ள பட்டறையிலோ சீராக்க இயலவேண்டும். ஒரு சுருள்வில் அறுந்தமைக்காக முழுக் கருவியையும் குப்பையில் எறியச் செய்வது நல்ல அமைப்பாகாது. மத்தின் கயிறு அறுந்தால் வேறு கயிறு போதும் என்பதை இன்றைய வடிவமைப்பாளர் மறத்தல் ஆகாது.

மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. உணவின் தன்மையை அங்கே அறிஞர் நுணுகி ஆராய்கின்றனர். உணவை ஆக்கும் கையையும் அதே அக்கறையோடு ஆராய்தல் வேண்டும். கருவி செய்வோர், விற்பனைக்கு அனுப்புமுன், அதனை நாள்தோறும் கையாளும் பெண்ணிடம் கொடுத்து ஒரு திங்கள் கழித்து அவர் சொல்வதைக் கேட்பாராக. வாங்குவோர், விலையைக் கேட்குமுன் பிடியைப் பற்றிப் பார்ப்பாராக.

இல்லத்தார்க்கு ஒரு சொல். கடைகோலின் பிடியில் ஆண், பெண் என்று எழுதப்படவில்லை. வெண்ணெயின் சுவையைப் புகழும் ஆடவர் வாரத்தில் ஒருநாள் தாமே கடைந்து பார்த்தால், கருவியின் குறையும் நிறையும் அவருக்கு விளங்கும். அதனினும் மேலாக, இதுகாறும் கடைந்த கை எவருடையது என்பது விளங்கும். கருவி மீட்டுத் தரும் அரை நாழிகையை இன்னொரு பண்டத்திற்குக் கேளாமல், அந்தக் கைக்கே ஓய்வாக விட்டுவிடுவோமாக. தயிரில் வெண்ணெய் மறைந்திருப்பது போல இல்லங்களில் கருணையும் மறைந்தே இருக்கிறது. அதனை வெளிக்கொணர முறையான முயற்சி வேண்டும். அம்முயற்சியை நாளைக் காலையில் மோர் கடையும்போதே தொடங்கலாம்.