கோவிவன் என்றொரு நாய்

(திருவண்ணாமலை, வேங்கிக்கால் ஏரிக்கரை. ஆட்சியர் அலுவலகம் விட்டு வண்டிகளெல்லாம் வேலூர்ச் சாலையில் ஏறும் மாலை நேரம். குரு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கேட்பவர்களுக்குச் சைவ சித்தாந்தம் பாடம் சொல்கிறவர். சீடன், கணினி விளையாட்டுக்குக் கதை எழுதும் இளைஞன்.)

சீடன்: ஐயா, நான் எழுதும் விளையாட்டில் காட்டுவழி நெடுகக் கல் விலங்குகள் நிற்கின்றன. ஓநாய், கரடி, ஆந்தை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காவல் ஆவி. வீரன் போய்த் தொட்டால் கல்லின் கண் ஒளிரும். அவனுக்கு வலிமை கூடும். எல்லாம் எழுதியாயிற்று. அந்த ஆவி கல்லுக்குள் எப்படி வந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை.

குரு: இப்போதைக்கு என்ன எழுதி வைத்திருக்கிறாய்?

சீடன்: ஆதியிலிருந்தே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

குரு: அங்கேதான் கதை இளைத்துப்போகிறது. நம் ஊரில் செதுக்கிய கல்லுக்குள் யாரும் ஆதியிலிருந்து இருப்பதில்லை. வரவழைத்தால் வருவார்கள். போகவும் செய்வார்கள்.

சீடன்: மலையே லிங்கம் என்று கும்பிடும் ஊரில் இருந்துகொண்டா இப்படிச் சொல்கிறீர்கள்?

குரு: மலையை எந்தச் சிற்பி செதுக்கினான்? நான் உளி பட்ட கல்லைப் பற்றிப் பேசுகிறேன். கோயிலில் திருப்பணி தொடங்குவதற்கு முன் பாலாலயம் செய்வதைப் பார்த்திருப்பாய். மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். திருப்பணி முடியும்வரை வழிபாடு வேறிடத்தில். குடமுழுக்கு நாளில் மறுபடி கல்லுக்குள் எழுந்தருளச் செய்கிறார்கள். வரவும் போக்கும் இல்லாவிட்டால் இந்தச் சடங்குக்கு வேலையே இல்லை.

சீடன்: அப்படியானால் கல் ஒரு வாடகை வீடு.

குரு: பாதி சரி. வாடகைக்கு வந்தவன் வீட்டின் நிறத்துக்கு மாறுவதில்லை. உயிர் அப்படியல்ல, எதைச் சார்கிறதோ அதன் வண்ணம் ஆகும் என்பது சித்தாந்தம். உன் ஆவி ஓநாய்க் கல்லில் இருந்தால் அதற்கு ஓநாயின் பசியும் இருக்க வேண்டும். பசியில்லாமல் வலிமையை மட்டும் அள்ளிக் கொடுக்கிறது என்றால் அதற்குக் கல் எதற்கு, விலங்கு வடிவம் எதற்கு? மதுரையில் கல்யானை கரும்பு தின்ற கதை தெரியுமா?

சீடன்: சித்தராக வந்த சிவன் பாண்டியனுக்குக் காட்டிய திருவிளையாடல்தானே?

குரு: அதேதான். பாண்டியன் நீட்டிய கரும்போடு அந்த யானை நிற்கவில்லை. அவன் கழுத்திலிருந்த முத்துமாலையையும் பறித்து விழுங்கிவிட்டது. கதை சொன்னவருக்கு யானையைத் தெரிந்திருக்கிறது. உன் கரடி யாருடைய மாலையையும் பறிக்கவில்லையே!

சீடன்: அது புராணம். உண்மையில் வாழ்ந்த ஒரு விலங்கு கல்லில் காவலாக நிற்பதற்கு நம் பக்கத்தில் சான்று உண்டா?

குரு: இதே மாவட்டத்தில் உண்டு. தண்டராம்பட்டுப் பக்கம் எடத்தனூர். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில், அங்கே ஒரு நடுகல் எழுந்தது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளுக்காக நடந்த சண்டையில் மாண்டான். கல்லில் அவன் வில்லோடு நிற்கிறான், பக்கத்தில் ஒரு நாய். நாயின் பெயர் கோவிவன். அது கள்ளரைக் கடித்துக் காவல் இருந்தது என்று தனியாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். மகேந்திரன் காலத்துக் குடியானவர் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? ஒரு நாயின் பெயர் தெரிகிறது.

சீடன்: நாய்க்கு மட்டும்தான் இந்த மரியாதையா?

குரு: விழுப்புரம் அருகே அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கு இதைவிடப் பழைய கல் இருக்கிறது. முகையூர் மேற்சேரிக்காக ஆடிய கோழி அது.

சீடன்: சேவல் எதைக் காத்தது?

குரு: மேற்சேரியின் மானத்தை. சிரிக்காதே, அதற்காகக் கல் நட்டவர்கள் சிரித்துக்கொண்டு நடவில்லை.

சீடன்: சரி ஐயா. ஆனால் மாடு காக்கப் போனவன் மாண்டான். கல்லாக நின்ற காவலும் அடிக்கடி தோற்கிறது. அசீரியர்கள் கோட்டை வாயிலில் மனிதத் தலையும் காளை உடலும் சிறகும் கொண்ட காவல் உருவங்களை நிறுத்தினார்கள். 2015இல் நினிவே வாயிலில் நின்ற உருவங்களைப் பயங்கரவாதிகள் இயந்திரம் கொண்டு குடைந்து உடைத்ததைக் காணொளியில் உலகமே பார்த்தது. தன்னையே காத்துக்கொள்ளத் தெரியாத ஆவி காவல் ஆவியா?

குரு: நல்ல கேள்வி. காவல் என்றால் வெற்றி என்று நினைத்துக்கொண்டு கேட்கிறாய். உன் விளையாட்டுக்கு அது பொருந்தும். அங்கே தோற்கிற காவலனால் யாருக்கும் பயனில்லை. நடுகல் யாருக்கு நடப்பட்டது என்று பார். மாட்டை மீட்டுவிட்டு வீடு திரும்பி, பேரன் பேத்தி எடுத்துக் கிழவனாகச் செத்தவனுக்கு அல்ல. அங்கேயே விழுந்தவனுக்கு. விட்டுப் போகலாம் என்ற வழி இருந்தும் போகாமல் நின்றதே தகுதி. நின்ற செயல் முதலில், கல் பிறகு, அதற்குப் பிறகுதான் கல்லில் ஆவி. நீ இந்த வரிசையைத் தலைகீழாக்கி ஆவியை முதலில் வைத்துவிட்டாய், அது செய்த செயல் எதுவும் இல்லாமல்.

சீடன்: கல் நட்ட பிறகு?

குரு: அதற்குப் பிறகு வேலை நம்முடையது. நடுகல்லுக்குக் கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவதுவரை தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. கன்னட நாட்டில் இதை எழுத்திலேயே கட்டிப்போட்டார்கள். மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல்வெட்டு, பொது ஆண்டு 949-50. தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட போரை ஒட்டியது. அந்தப் போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனிடம் மன்னன் வேண்டியதைக் கேள் என்றான். அவன் பொன் கேட்கவில்லை, காளி என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த நாய் காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. நாய்க்குக் கல் நாட்டி நிலம் விட்டார்கள். அந்த நிலத்தின் பொறுப்பிலிருக்கும் பூசாரி கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்டால் அவனுக்குப் பாவம் என்றும் எழுதினார்கள்.

சீடன்: நாய்க்குப் படைக்காமல் பூசாரி சாப்பிடக் கூடாது!

குரு: அப்படித்தான். காவலுக்குக் கொடுக்கல் வாங்கல் இரண்டும் உண்டு. நம் கோயிலிலும் பார்க்கிறாயே, மாட்டுப் பொங்கலன்று பெரிய நந்திக்குக் காய், கனி, இனிப்பு, வடை என்று மாலை மாலையாகச் சாத்துகிறார்கள். அண்ணாமலையாரே எழுந்தருளி அதற்குக் காட்சி கொடுக்கிறார். அன்றைக்கு மாடுதான் பெரிய ஆள்.

சீடன்: ஆதகூர்க் கல்லுக்கு இப்போது யார் பூசை செய்கிறார்கள்?

குரு: கல் பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாதுகாப்பாகவே இருக்கிறது. பூசாரி இல்லை, நிலமும் இல்லை.

சீடன்: அப்படியானால் காளி அதற்குள் இருக்கிறதா, போய்விட்டதா?

குரு: பாலாலயம் செய்து கும்பத்தில் இறக்கினார்களா என்று என்னைக் கேட்காதே. இதற்கு எதிர்மாறான ஒன்றைச் சொல்கிறேன். செங்கம், தருமபுரிப் பக்கம் நடுகற்கள் பலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள். கல்லில் இருப்பவனின் இயற்பெயர் கும்பிடுகிறவருக்குத் தெரியாது, வட்டெழுத்தைப் படிக்க ஆளில்லை. ஆதகூரில் பெயர் தங்கியது, பூசை போயிற்று. இங்கே பெயர் போயிற்று, பூசை தங்கியது. எந்தக் கல்லில் ஆள் இருக்கிறார்?

சீடன்: வேடியப்பன் கல்லில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அங்கே இருப்பவன் அந்தப் பழைய வீரன்தானா?

குரு: அவன் நின்ற நிலை அங்கே இருக்கிறது. அவன் பெயர் அவனுக்கு வேண்டும் என்பது நம் ஆசை. சித்தாந்தப்படி இருக்கும்வரைதான் உடலும் பெயரும் உயிருக்குக் கருவி, விட்டுப் போனபின் இரண்டுமே சட்டை. ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பெயரும் வேண்டும். கோவிவன் என்ற அந்த நான்கு எழுத்தைப் படித்த பிறகு அந்தக் கல் வெறும் நாய்ச் சிற்பமாக எனக்குத் தோன்றவில்லை. இந்த இடத்தில் என் சித்தாந்தம் கொஞ்சம் தளர்கிறது. தளரட்டும்.

சீடன்: என் விளையாட்டில் என்ன மாற்றட்டும் ஐயா?

குரு: கண் ஒளிர்வது இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர் வை. அது எங்கே, யாருக்காக நின்றது என்று இரண்டு வரி எழுது. தொட்டவுடன் வலிமை வருவதை எடுத்துவிடு. வீரன் தன் உணவில் ஒரு பங்கை வைத்தால் கொடுக்கட்டும், வைக்காமல் தாண்டிப் போனால் வழி மறிக்கட்டும். வெறும் வலிமைக் கிடங்காக நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சீடன்: இதையெல்லாம் எங்கே படிக்கலாம்?

குரு: தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஒரு நூல் வெளியிட்டது. முதலில் அதைத் தேடு. பிறகு எடத்தனூர் பக்கம் போய் வா. அந்த வட்டாரத்தில் எந்தக் கல்லைப் பார்த்தாலும் எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்பு தடவாதே, கம்பியால் சுரண்டாதே. யாராவது பக்தியோடு எனாமல் பெயிண்ட் அடிக்க வந்தால் பக்குவமாகப் பேசித் தடுத்துவிட்டு, தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்.