தோற்பதற்குக் கூலி

தோற்பது குற்றமில்லை, தோற்பதற்குக் கூலி வாங்குவது குற்றம். இவ்வளவுக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தக் குற்றம் யாருக்கு எதிராக இழைக்கப்படுகிறது என்று கேட்கும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அது போதாது என்பது என் கட்சி.

ஸ்தூலமான உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2011 ஜூலையில் பின்லாந்தின் வடக்கே, லாப்லாந்து மாவட்ட நீதிமன்றம் வில்சன் ராஜ் பெருமாள் என்ற சிங்கப்பூர்க்காரருக்கு 2 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ரொவானியெமி நகரத்துக் கால்பந்துக் குழுவான ரொப்ஸின் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்து ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே நிர்ணயித்தார் என்பது வழக்கு. பணம் வாங்கிய 9 பேர் - 7 ஜாம்பியர்கள், 2 ஜார்ஜியர்கள் - நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றார்கள். பெருமாள் தமிழர். அவ்வளவு தூரத்துச் செய்தியில் அந்தப் பெயரைக் கண்டதும் வெட்கமோ, ஒப்புக்கொள்ளத் தயங்குகிற ஓர் அற்பப் பெருமையோ நமக்கு வேண்டியதில்லை. ரத்தத்தை வைத்து இலக்கியத்தை எடைபோடுகிறவர்கள் இதையும் எடைபோட்டுக்கொள்ளட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஆட்டம் நடந்த இடம். அந்த வழக்கு 2008 முதல் 2011 வரையிலான ஆட்டங்களைப் பற்றியது. அதில் 2010 சீசனை ரொப்ஸ் முழுக்க இரண்டாம் பிரிவில் ஆடியது. அந்தப் பிரிவின் பெயர் யூக்கொனென். பின்னிஷ் மொழியில் 'ஒன்று' என்று அர்த்தம். அதற்குக் கீழே இருந்த மூன்றாம் பிரிவின் பெயர் 'இரண்டு'. நான்காவதின் பெயர் 'மூன்று'. (2024-இல் இடையில் புதிதாக ஒரு லீகைச் செருகினார்கள், 'ஒன்று' இப்போது மூன்றாம் பிரிவு. வரிசையில் தன் இடத்தைத் தானே மறைத்துக்கொள்ள முயலும் இந்தப் பெயர்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன.) பனி காரணமாக அங்கே ஆட்டம் ஏப்ரலில் ஆரம்பித்து அக்டோபரில் முடிகிறது. ரொவானியெமி ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஊர். நடுக்கோடையில் சூரியன் அஸ்தமிப்பதேயில்லை. ஆட்டம் பார்க்க நம்மூர்க் கல்லூரி மைதானத்துக்கு வருகிற கூட்டம்தான் வரும். ஆனால் அந்த மாதங்களில் ஐரோப்பாவின் பெரிய லீகுகள் ஓய்வில் இருக்கின்றன. ஆசியாவில் பந்தயம் கட்டுகிறவனுக்கு ஓய்வு கிடையாது. அவனுக்கு ஏதாவது ஓர் ஆட்டம் வேண்டும். எங்கோ ஒரு பந்து உருள வேண்டும். இப்படித்தான், யாரும் பார்க்காத ஓர் ஆட்டத்தின்மீது, அதை என்றைக்கும் பார்க்கப்போகாதவர்களின் பணம் வந்து குவிகிறது.

சட்டம் சொல்லும் பதில் இந்தப் பணத்தைப் பற்றியது. லஞ்சம், மோசடி. ஏமாந்தவன் பந்தயம் கட்டியவன். அவனுக்காக என்னால் இரங்க முடியவில்லை. குறளில் 'சூது' அதிகாரம், சூதில் கிடைக்கும் வெற்றியையே விரும்பாதே என்கிறது. பகடை நேர்மையானதா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. சகுனியின் பகடையைப் பற்றி ஆயிரம் வருஷமாகப் பேசுகிறோம். சூதில் உட்கார்ந்ததே தருமனின் முதல் தவறு என்பதையும் கூடவே சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறோம். பந்தயக்காரன் ஒருவன்தான் ஏமாந்தவன் என்றால் இது சூதாடிகளுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய தகராறு. பத்திரிகையில் பக்கம் ஒதுக்கத் தேவையில்லை.

ஹுய்சிங்கா 1938-இல் எழுதிய 'ஹோமோ லூடென்ஸ்' நூலில் ஒரு பாகுபாடு வருகிறது. ஆட்டத்தில் ஏமாற்றுகிறவன் வேறு, ஆட்டத்தைக் கலைக்கிறவன் வேறு. ஏமாற்றுகிறவன் விதிகளை மதிப்பதாக நடிக்கிறான். அதனால் ஆட்டம் பிழைக்கிறது. கலைக்கிறவனோ ஆட்டத்தின் உலகத்தையே உடைக்கிறான். அதனால் அவனைத்தான் சமூகம் அதிகம் வெறுக்கிறது. கூலிக்குத் தோற்கிறவன் இந்த இரண்டிலும் அடங்கமாட்டான் என்று நினைக்கிறேன். ஏமாற்றுகிறவன் ஜெயிக்க விரும்புகிறான்; ஆட்டத்தின் ஆசை அவனிடம் இன்னும் இருக்கிறது. இவனிடம் அது இல்லை. கலைக்கிறவன் வெளியேறிவிடுகிறான், இவன் கடைசி விசில் வரை உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறான். விதி எதையும் இவன் மீறுவதில்லை. பந்து உண்மையாகவே வலைக்குள் போகிறது. மறுநாள் பத்திரிகையில் வரும் எண்ணிக்கையும் நிஜம்.

என் தொழிலில் இதற்கு இணையான ஒன்று உண்டு. கள்ளநோட்டைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. காகிதம் சொல்லிவிடும், நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் சொல்லிவிடும். பயப்பட வேண்டியது வவுச்சருக்கு. தாள் அசல், கையெழுத்து அசல், பற்றும் வரவும் சரி, நாள் முடிவில் கணக்கு பைசா பிசகாமல் டேலி ஆகிறது. ஆனால் அந்தப் பரிவர்த்தனை நடக்கவேயில்லை. ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்துகொண்டே மொத்தமும் பொய்யாக இருக்க முடியும் என்பதை, பி.ஏ.யில் படித்த எந்தக் கவிதையையும்விட, வவுச்சர் எனக்கு நன்றாகப் புரியவைத்தது.

அப்படியானால் நடக்காமல் போனது எது? ஓடினார்கள், உதைத்தார்கள், வியர்த்தார்கள். நடக்காமல் போனது 'தெரியாமை'. இரண்டு பக்கத்துக்கும் முடிவு தெரியாது என்பதுதான் ஆட்டத்தின் ஒரே மூலதனம்.

திண்ணையில் பேரனோடு பல்லாங்குழி ஆடி வேண்டுமென்றே தோற்கிற பாட்டிக்கும் முடிவு முன்கூட்டியே தெரியும். அவளைக் குற்றம் சொல்வோமா என்று கேட்கலாம். சொல்லமாட்டோம். காசு வாங்கவில்லை என்பது காரணமில்லை. அவள் விட்டுக்கொடுத்தது அவளுடைய தோல்வி, அவளுக்கு மட்டுமே சொந்தமானது. கால்பந்தில் தோல்வி 11 பேருக்குப் பொது. அதில் ஒருவன் தன் பங்கை மட்டும் பிரித்து விற்க வழியில்லை. விற்றால், பக்கத்தில் நுரைதள்ள ஓடுகிறவனின் பங்கும் சேர்ந்தே போகிறது. கூட்டுப்பட்டா நிலத்தை ஒருவன் மட்டும் கிரயம் செய்து கொடுத்தால் தஞ்சாவூர் கோர்ட்டில் எத்தனை தலைமுறை நடக்க வேண்டியிருக்கும் என்று இந்த ஜில்லாவில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

எதிரணியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ரொப்ஸை அந்த ஆட்டங்களில் ஜெயித்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் யாரிடமும் காசு வாங்கவில்லை. ஜெயித்தோம் என்று கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சந்தோஷம் அன்றைக்குப் பொய்யா? இல்லை, தீர்ப்பு வந்த நாளில் பின்னோக்கிப் போய்ப் பொய்யாயிற்றா? பந்தயக்காரனின் பணத்தைத் திருப்பித் தர ஒரு வழி இருக்கலாம். ஒரு மாலைப்பொழுதைத் திருப்பித் தர எந்தக் கோர்ட்டிலும் வழி கிடையாது. இதைவிட மோசமானது அடுத்து வருவது. ரொவானியெமி விவகாரத்துக்குப் பிறகு, கீழ்ப் பிரிவில் கோல்கீப்பர் கையிலிருந்து பந்து நழுவினால் அவனை ஒரு விநாடி உற்றுப் பார்ப்பார்கள். அறுவடை முடிந்து, தாளடிக்கட்டை காலைக் குத்த, தை மாசி மாதங்களில் வயலில் ஆடும் நம்மூர்ப் பையன்களுக்கு ஒரு சலுகை உண்டு: மோசமாக ஆடலாம். பந்து வரப்பில் பட்டு எங்கோ போகும். சிரிப்பார்கள், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். கீழ்ப் பிரிவு என்பதே அந்தச் சலுகையின் பெயர்தான். கபடமில்லாமல் தவறு செய்கிற உரிமை. பெருமாள் பணம் கொடுத்து வாங்கியது 9 பேரை. இது விலையில்லாமல் அவரோடு போயிற்று.

அவர் இரண்டு இத்தாலியப் பத்திரிகையாளர்களோடு சேர்ந்து 2014-இல் தன் கதையைப் புத்தகமாக்கினார். பெயர் 'கெலாங் கிங்ஸ்'. கெலாங் என்பது கடலில் கம்பங்கள் நட்டு மீன் பிடிக்கும் அமைப்புக்கு மலாய்ச் சொல். சிங்கப்பூர், மலேசியப் பேச்சுவழக்கில் ஆட்டத்தை விற்பதற்கும் அதுவே பெயர். நம் வாய்க்கால் மடையில் வைக்கும் பறி மாதிரிதான். மீன் யாரும் தள்ளாமல், தண்ணீரோடு, தன் இஷ்டப்படியே உள்ளே போகிறது. நல்ல சொல்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முந்நூறு பிரதி அச்சடித்து நமக்குள் படித்துக்கொள்கிற நாம், விலைபோகாதவர்கள் என்று சொல்லிக்கொள்வதில் பிரியமுள்ளவர்கள். யார் விலை கேட்டார்கள்? பின்லாந்தின் இரண்டாம் பிரிவும் ரொம்ப காலம் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். அதை வாங்க ஆள் இல்லை. கம்பிவழியே ஒரு நாள் சந்தை அங்கே வந்து சேர்ந்தது. வாங்குகிறவன் வந்து நிற்கும்வரை சுத்தம் என்பது ஒரு குணமில்லை, வெறும் பூகோளம். ரொப்ஸின் அந்த 9 பேரைவிட நான் உயர்ந்தவன் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. சொந்த நாட்டிலிருந்து அவ்வளவு தூரம், பாஷை தெரியாத பனிநாடு. ஒரு சீசன் முடிந்தால் அடுத்த ஒப்பந்தம் நிச்சயமில்லை. வறுமை மன்னிப்பு ஆகாது என்று மாதச் சம்பளக்காரன் எழுதுவது சுலபம். ஆனாலும், அதே ஒப்பந்தத்தில் அதே குளிரில் ஆடி, காசு வாங்காத சக ஆட்டக்காரனை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவன் பெயர் எந்தத் தீர்ப்பிலும் வராது.

2011-இலேயே இன்னொன்றும் நடந்தது. 2001, 2006, 2007 மூன்று வருஷமும் சாம்பியனான தம்பெரே யுனைடெட், சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றிடமிருந்து பணம் பெற்றதற்காக லீகிலிருந்தே விலக்கப்பட்டது. பிறகு கீழ்ப் பிரிவுகளிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. ரொப்ஸ் அந்த வருஷம் மேல் பிரிவில் கடைசியாக வந்து இறங்கியது. 2012-இல் மறுபடி யூக்கொனென். அதில் முதலிடம். 2013-இல் பின்லாந்துக் கோப்பை.

2012 வசந்தத்தில் ரொவானியெமியில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனவர்கள் எந்த நம்பிக்கையில் போனார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. 'இன்றைக்கு யாரும் காசு வாங்கவில்லை' என்பதை நிரூபிக்க எந்த ஆட்டக்காரனாலும் முடியாது. நன்றாக ஆடினாலும் முடியாது. ஜெயித்தாலும் முடியாது. அப்படியிருந்தும் போய் உட்கார்ந்தார்கள். பந்து நழுவியபோது, 'அடப்பாவி' என்று பழையபடி கத்தியவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம்.