பிறக்காதவர்களின் மலை

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இடிந்து ஒரு வீட்டை மூடியது. ஏழு உயிர்கள் போயின. அவற்றுள் ஐந்து குழந்தைகள். மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர முடியாது. முப்பது ஆண்டுகள் கழித்து இந்த ஊரில் வாழப்போகிறவர்களுக்கு எப்படிப்பட்ட மலையை விட்டுச் செல்லப்போகிறோம்? சரிவில் இனி ஒரு செங்கல்கூட ஏறக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

வரப்போவதை முன்னறிந்து காப்பதே அறிவு என்றார் வள்ளுவர். வருமுன் காக்காத வாழ்க்கை நெருப்பின் முன் வைத்த வைக்கோல் என்று குற்றங்கடிதலில் எச்சரித்தார். அரண் எதுவென்று சொல்லும்போதும் நீர், நிலத்தோடு மலையையும் நிழல் தரும் காட்டையும் சேர்த்தே எண்ணினார். நீரைத் தேக்கி வைப்பவனுக்கே புகழ் நிற்கும் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் புறநானூற்றில் எடுத்துரைத்தார். தம் காலத்தோடு கணக்கை முடித்துக்கொண்ட சான்றோர் எவருமில்லை.

இதே மலையின் அடிவாரத்தில் இருக்கும் ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்கும் வள்ளி என்ற மானுக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் ஒரு காகத்துக்கும்கூடச் சமாதி உண்டு. வாயில்லா ஜீவன்களையும் உறவாக மதித்த இடம் அது. பிறக்காத பிள்ளைக்கும் வாயில்லை. வாக்கில்லை, மனு கொடுக்க ஆளுமில்லை. ஆசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதையில் இன்று நிழல் இருக்கிறது. மொட்டையாகக் கிடந்த மலையில் நாற்றுகளைச் சுமந்து ஏறி நட்டு, கோடையில் காய்ந்த புல் பற்றிக்கொள்ளாதபடி தீத்தடுப்புக் கோடு வெட்டியவர்கள் தந்தது அது. நட்ட அன்று அவர்களுக்குக் கிடைத்தது வெயில் மட்டும்தான். கீழே செங்கம் சாலையில் விடுதிகளும் அடுக்குமாடிகளும் எழும் வேகம் இப்படியே போனால், 2055-இல் பௌர்ணமிக்கு வருகிறவர்கள் 14 கிலோமீட்டரும் கட்டடங்களின் முதுகைப் பார்த்தபடியே கிரிவலம் வர நேரிடும்.

சரிவில் குடியிருப்போர் ஆசைப்பட்டு ஏறியவர்கள் அல்லர், ஊருக்குள் வாடகை கட்ட முடியாதவர்கள் என்பது உண்மையே. அதற்காக அவர்கள் பிள்ளைகளைப் பாறைக்கடியில் தூங்கவிடுவது இரக்கமாகாது. கோயிலையும் மாடவீதியையும் நம்பிப் பிழைக்கும் அவர்களுக்கு, வேலைக்கு நடந்து வரும் தூரத்தில் மாற்றிடம் வேண்டும்; எங்கோ தள்ளிவிட்டால் மறுபடி மலைக்கே வருவார்கள். சரிவுவரை மின்கம்பம் நட்ட அரசுதான் அந்த இடத்தையும் தேடித் தர வேண்டும், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்.