நிற்கும் மண்டபமும் சுழலும் பூமியும்

அசைகின்ற ஒன்றை அசையாத ஒன்றினால் உணர்த்த முடியுமா? எளிதாகத் தோன்றினும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய வினா இது. பூமி தன்னைத்தானே சுழன்றுகொண்டு, செக்கனுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனையும் வலம் வருகின்றது. ஆயினும் அதன்மீது வாழும் மனிதன் தான் ஓரிடத்தில் நிலையாக நிற்பதாகவே எண்ணுகின்றான். தன் பதவியும் பொருளும் அவ்வாறே நிலைக்குமென நம்புகின்றான்.

சீனாவின் ஷங்காய் நகரில் 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் திறக்கப்பட்ட வானியல் நூதனசாலை இவ்வினாவிற்கு ஒரு விடை தருகின்றது. சுமார் 39,000 சதுர மீற்றர் பரப்புடைய இக்காட்சி மண்டபத்தை வடிவமைத்தவர்கள், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் தோமஸ் வொங் தலைமையிலான குழுவினர். விண்பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்தபடி சுற்றிவரும் பாதைகளையே அவர்கள் மாதிரியாகக் கொண்டனர். ஆதலால் நேர்கோடுகளையும் செங்கோணங்களையும் தவிர்த்து, வளைகோடுகளாலேயே மண்டபத்தை அமைத்தனர்.

இயந்திரம் பூட்டி மண்டபத்தைச் சுழல வைத்திருந்தால் பார்ப்போர் வியந்திருப்பர். ஆனால் அவ்வியப்பு கட்டியவரின் திறமையோடு நின்றிருக்கும். அவர்கள் செய்ததோ வேறு. முன்வாயிலுக்கு மேலே பெரியதொரு வட்டத் துவாரத்தை விட்டனர். அதனூடாக வரும் சூரிய ஒளி, நிலத்தில் வட்டமாக வீழ்ந்து மெல்ல நகர்ந்து, பொழுதையும் பருவத்தையும் காட்டுகின்றது. அங்கே அசைவது மண்டபமன்று; அதனைத் தாங்கி நிற்கும் பூமியே.

இத்துணைப் பெரிய கட்டடமே மனிதச் செருக்கின் அடையாளமன்றோ எனச் சிலர் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. ஓலைக் கூரையின் பொத்தலூடாகத் திண்ணையில் வீழும் ஒளிப்பொட்டும் அதே பாடத்தையே, ஒரு சதமும் செலவின்றி, நாள்தோறும் கற்பிக்கின்றது. ஆனால் பழக்கம் கண்ணை மறைத்து விடுகின்றது. ஷங்காய் மண்டபத்தைக் கண்டு திரும்பும் ஒருவன், தன் வீட்டுத் திண்ணையில் நகரும் ஒளியையும் உற்றுநோக்கத் தொடங்குவானாயின், அங்கே செலவான பணம் வீணாகவில்லை. கட்டடத்தின் பெருமையை மாத்திரம் பேசித் திரிவானாயின், அவன் கண்டது வெறும் சீமெந்தும் இரும்புமே.

எதைக் கட்டுபவராயினும், எப்பதவியில் இருப்பவராயினும், தமக்கு மேலான ஒன்று உள்ளே வருவதற்குச் சிறிது இடம் விடல் வேண்டும். முழுவதையும் தம் பெயரால் நிரப்பி விட்டால் ஒளி புக வழியேது?