எவர்சில்வர் சிற்பம்
சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்திலே, ஒரே கல்லில் வேண்டாததைக் கழித்துக் கழித்துச் சங்கிலி வளையங்களை விடுவித்த சிற்பியின் சாதுரியத்தை வியக்கும் நாம், கூட்டிக் கூட்டியே உருவம் சமைக்கும் வேறொரு மார்க்கத்தையும் போற்றுதல் தகும். பீகாரில் 1964-இல் பிறந்த கலைஞர் சுபோத் குப்தா, அடுக்களை எவர்சில்வர் பாத்திரங்களை இணைத்தே 2006-இல் பிரம்மாண்டமான கபாலமொன்றை நிர்மாணித்தார். சாமான்யர் புழங்கும் உலோகத்துக்கு இதனினும் பெரிய கௌரவம் யாது? ஆயினும் இவ்வேலை சுலபமன்று. எவர்சில்வரில் கலந்து துருவைத் தடுக்கும் குரோமியம், பற்றவைக்கும் உஷ்ணம் மிகுந்தால் இணைப்பருகே தன் காவலை இழக்குமாதலின், நிறம் மாறிய இடத்தை அமிலத்தாலேனும் தேய்ப்பாலேனும் சுத்தி செய்தாக வேண்டும். அன்பர்களே, பழைய கரண்டிகளை எடைக்குப் போடுமுன், வெல்டிங் பட்டறையில் தொழில் பயிலும் இளைஞர் ஒருவரிடம் அவற்றைக் கொடுத்துப் பாருங்கள்.