முதியவர் கையில் சாவி

முதுமை குற்றமன்று. அப்படியாயின், வயதை மட்டும் காட்டி ஒரு சாரதியைப் பரீட்சைக்கு அழைப்பது நீதியா?

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 75 வயது முதல் ஆண்டுதோறும் வைத்தியப் பரிசோதனை உண்டு. 85 வயது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வீதிப் பரீட்சையும் உண்டு. அதனை விரும்பாதவர், தம் வீட்டுச் சுற்றாடலில் மட்டும் வாகனம் ஓட்டும் வரையறுத்த அனுமதிப்பத்திரம் பெறலாம்.

கழுத்துத் திரும்பாதவரும் முழங்கால் மடங்காதவரும் பரீட்சையை அவமானமாக எண்ணக்கூடும். வாகனம் போய்விட்டால் கடையும் வைத்தியரும் நண்பரும் தூரமாகிவிடுவர். ஆனால் வீதியைக் கடக்கும் குழந்தைக்குச் சாரதியின் நீண்டகால அனுபவம் காவலன்று. உரிய கணத்தில் அவர் கால் பிறேக்கை மிதிக்க வேண்டும். தகுதியுள்ள முதியவருக்குப் பரீட்சை ஒருநாட் சிரமம். போன உயிரோ திரும்பாது. ஆகவே பரீட்சை நீதியானதே.

ஆயினும் கடமை அத்துடன் முடிவதில்லை. தந்தையின் கையிலிருந்து சாவியை வாங்கும் பிள்ளைகள் அவருடைய பயணங்களையும் பொறுப்பேற்க வேண்டும். சாவியை வாங்கி அவரை வீட்டில் இருத்திவிட்டால், வீதி காக்கப்படும், மனிதர் கைவிடப்படுவார்.